சிரியசை இறக்கிவிட்டுக் கம்பங்கொல்லைக்கு வாருங்கள்: டோகோன் காணொளிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் டோகோன் மக்களைப் பற்றிக் காணொளி போடுகிறவர்களுக்கும், இதழ்களில் விந்தைப் பக்கம் எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

2027 வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் டோகோன் மக்கள் வாழும் பாந்தியாகரா மலைப்பகுதியில் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சிகுய் சடங்கு கடைசியாகத் தொடங்கியது 1967-இல். கணக்குப்படி அடுத்தது 2027. இதைக் கேட்டதுமே உங்களில் பாதிப்பேர் தம்ப்நெயிலை மனசுக்குள் செய்து முடித்திருப்பீர்கள்: ஒரு முகமூடி, பின்னால் நீல நட்சத்திரம், 'அவர்கள் திரும்பி வருகிறார்களா?' என்று மஞ்சள் எழுத்தில் ஒரு கேள்வி. பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் இந்த மடலைப் படித்துவிடுங்கள். வியூஸ் வாங்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த மக்களைப் பற்றிச் சொல்வதற்கு அதைவிட ருசியான சங்கதிகள் இருக்கின்றன; பாதி சங்கதி நம் ஆட்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததும்கூட. கம்பு, சின்ன வெங்காயம், வடகம், புளிச்சக்கீரை, குதிர் என்றால் அர்த்தம் கேட்கிற தமிழர் எத்தனை பேர்?

முதலில் சிரியசைப் பேசி முடித்துவிடுவோம். சிரியஸ் என்ற நட்சத்திரத்தின் ரகசியத்தை வேற்றுக்கிரகவாசிகள் வந்து டோகோன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதுதானே உங்கள் கதை. மார்செல் கிரியோல் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் 1931-இல் டக்கார்-ஜிபூட்டி பயணக்குழுவோடு டோகோன் நாட்டுக்கு வந்தார். பிறகும் பலமுறை வந்து தங்கினார். 1946-இல் ஒகோதெம்மேலி என்ற பார்வையிழந்த முதிய வேட்டைக்காரர் அவருக்கு முப்பத்து மூன்று நாள் உலகம் தோன்றிய கதை சொன்னார். 1950-இல் கிரியோலும் அவருடைய சகாவான ஜெர்மேன் தியேதர்லெனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிரியசுக்கு டோகோன் பெயர் 'சிகி தோலோ'. அதைக் கண்ணுக்குத் தெரியாத 'போ தோலோ' என்ற சின்னஞ்சிறு நட்சத்திரம் ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. அது மிகமிகக் கனமானது. கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். 'போ' என்றால் ஃபோனியோ. நம் சாமையைவிடப் பொடியான தானியம். 1976-இல் ராபர்ட் டெம்பிள் என்பவர் இதை எடுத்து, சிரியசிலிருந்து நீரில் வாழும் உயிர்கள் வந்து சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு புத்தகம் போட்டார். டோகோன் கதைகளில் வரும் 'நொம்மோ' என்ற நீர்வாழ் மூதாதையர் விண்வெளி ஆசாமிகளானது அப்படித்தான்.

இனி ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சிரியசைச் சுற்றும் துணை நட்சத்திரம் ஒன்று இருக்க வேண்டும் என்று வானியலாளர் பெஸ்ஸல் கணித்தது 1844. ஆல்வன் கிளார்க் அதைத் தொலைநோக்கியில் பார்த்தது 1862. அதன் அடர்த்தி கேட்டு வானியலாளர்கள் வாய்பிளந்தது 1920-களில். கிரியோல் வந்தது 1931, இதெல்லாம் வெளியுலகுக்குத் தெரிந்த பிறகு. வால்டர் வான் பேக் என்ற நெதர்லாந்து மானுடவியலாளர் திரெலி ஊரில் ஆண்டுக்கணக்கில் களப்பணி செய்து 1991-இல் எழுதினார்: 'சிகி தோலோ' எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது, சிரியசின் துணையைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை, நட்சத்திரச் சங்கதியைக் கிரியோலிடமிருந்தே கேட்டதாக ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள் என்று. டோகோன் மொழியறிஞரும் கிரியோலின் மகளுமான ஜெனவியேவ் கலாம்-கிரியோல் இதைக் கடுமையாக மறுத்தார். இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் 1950 கட்டுரை மூன்றாவதாக ஒரு நட்சத்திரத்தையும் சொல்கிறது. அதை இன்றுவரை எந்தத் தொலைநோக்கியும் காணவில்லை. உங்கள் காணொளிகளில் அந்த மூன்றாவது மட்டும் எப்படியோ நழுவிவிடுகிறது. இன்னொன்று: துணை சுற்றுவது ஐம்பது ஆண்டு, சிகுய் வருவது அறுபது ஆண்டு. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடிச்சுப் போடுகிறவர் கூட்டல் கழித்தல் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கருத்துப் பெட்டியில் கட்டாயம் வரப்போகும் இரண்டு கேள்விகளுக்கும் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டோகோன்களின் படைப்புக் கடவுள் பெயர் 'அம்மா'. ஆம், அதே உச்சரிப்புதான். ஆனால் அம்மா ஆண் கடவுள். மண்ணைப் பெண்ணாக்கிக் கூடியவன் என்பது ஒகோதெம்மேலி சொன்ன கதை. நம் அம்மாவுக்கும் இவனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பாந்தியாகரா என்ற பெயரில் பாண்டியன் கேட்கிறானே என்று குமரிக்கண்டம் வரை ஓடிவிடாதீர்கள். அந்த ஊர்ப்பெயருக்குப் பெரிய சோற்றுக்கிண்ணம் என்பதுபோல் பொருள் சொல்வார்கள். பலர் சேர்ந்து கைவிட்டுச் சாப்பிடும் கிண்ணம்.

உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் கம்பில் இருக்கிறது. கம்பு முதன்முதலில் பயிராக்கப்பட்டதற்கான மிகப் பழைய தடயங்களில் ஒன்று, மாலியின் வடகிழக்கே தீலெம்சி பள்ளத்தாக்கில் பானையோட்டு மண்ணில் கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 2500. அங்கிருந்து சில நூற்றாண்டுகளில் கம்பு இந்தியாவுக்கு வந்துவிட்டது. நம் கொல்லையில் ஆடும் கதிரின் பூர்வீகம் அந்தப் பக்கம். இதை வைத்து ஒரு காணொளி எடுங்களேன். மறுக்க ஆள் இருக்காது.

அடுத்து, ஊர். டோகோன் நாடு மூன்று தட்டாக இருக்கிறது. மேலே மணற்பாறை மேட்டுநிலம். நடுவே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்குச் செங்குத்தாக இறங்கும் பாறைச்சுவர். கீழே சேனோ என்ற மணற்சமவெளி. யுனெஸ்கோ 1989-இல் இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது 289 ஊர்கள் அதற்குள் அடங்கின. படத்தில் பாறைச்சுவரின் நடுவே பொந்து பொந்தாகத் தெரிகிறதே, அதைக் காட்டி 'டோகோன்கள் இன்றும் வாழும் குகைகள்' என்று தலைப்பு வைக்கிறீர்கள். அது தப்பு. அவற்றில் பெரும்பாலானவை டோகோன்களுக்கு முன்னால் அங்கே இருந்த தெல்லெம் மக்களின் குதிர்களும் பிணக்குகைகளும். கி.பி. 11-ஆம் நூற்றாண்டு முதல் அவர்கள் பயன்படுத்தியவை. பின்னால் வந்த டோகோன்களும் இறந்தவர்களைக் கயிற்றில் ஏற்றி அங்கேயே வைத்தார்கள். கயிறு பெரும்பாலும் பெருக்கமரத்துப் பட்டையில் திரித்தது. ஆட்கள் குடியிருக்கும் வீடு சுவரின் அடியில், சரிந்து விழுந்த பாறைகளுக்கு நடுவே, மண்ணும் கல்லும் சேர்த்துக் கட்டியது. ஏன் அடியில் என்றால், மேட்டிலிருந்து கசிந்து இறங்கும் ஊற்று அங்கேதான் வெளிவருகிறது. கொல்லை போடும் மணல்நிலமும் எட்டிப்போகிற தூரத்தில் இருக்கிறது. சமவெளிக்கு நடுவே போய்க் குடியேறினால் பல பத்து மீட்டர் ஆழத்துக்குக் கிணறு வெட்ட வேண்டும்.

அந்தப் படங்களில் கூம்பு வடிவ வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு கோபுரம் மாதிரி நிற்பவை வீடுகள் அல்ல, குதிர்கள். இதைத்தான் உங்களில் முக்கால்வாசிப் பேர் 'கோவில்' என்று சொல்கிறீர்கள். தரையிலிருந்து கல்லும் மரமும் கொடுத்துத் தூக்கிக் கட்டியிருக்கும். கீழே காற்றோட்டம் இருந்தால்தான் மழைக்காலத்து ஈரம் ஏறாது, கரையானும் எலியும் நேராக உள்ளே வராது. மண்சுவர், மேலே ஆள் நுழையக் கஷ்டமான சின்னக் கதவு. குடும்பத்துக் கம்பு இருக்கும் குதிர் ஆணுடையது. பெண்ணுக்குத் தனிக் குதிர் உண்டு. அதன் உள்ளே தடுப்புச் சுவர் வைத்து நான்காகப் பிரித்திருக்கும். அவள் துணி, நகை, கடலை, காசு எல்லாம் அதில். புருஷன் அதைத் திறப்பது முறையில்லை. கம்பை மணியாக்கிக் கொட்டுவதில்லை, கதிராகவே அடுக்குகிறார்கள். கதிராக இருந்தால் வண்டு பிடிப்பது குறைவு. தினம் வேண்டியதை எடுத்து உரலில் குத்திக்கொள்ளலாம். குத்துகிற வேலை முழுக்கப் பெண்கள் தலையில்.

சில ஆண்டுகளாக அங்கே நடக்கும் சண்டையில் எரிந்துபோன குதிர்களைத் திரும்பக் கட்டித் தருகிறோம் என்று தகரக் கூரையும் சிமெண்டுப் பூச்சும் கொண்டுபோனால் என்ன ஆகும்? பகலில் தகரம் கொதிக்கும். ராத்திரி குளிர்ந்ததும் உட்பக்கம் வியர்த்து நீர் கோத்துக் கதிர்மேல் சொட்டும், பூஞ்சை பிடிக்கும். சிமெண்டு பூசிய மண்சுவரில் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே சுவர் உளுத்து, பூச்சு மட்டும் தகடாகக் கழன்று வரும். மண் பூச்சை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், வைக்கோல் தொப்பியைச் சில ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். வேலைதான். ஆனால் அந்த வேலைக்கு ஊரில் ஆளும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது. யுனெஸ்கோ உதவியோடு நடந்த மறுகட்டுமானத்தில் குதிர்களையும் வீடுகளையும் பழைய முறையிலேயே எழுப்பியதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

வெங்காயத்துக்கு வருவோம். நீங்கள் எடுக்க வேண்டிய முதல் காணொளி இதுதான் என்பது எங்கள் கட்சி.

மேட்டுநிலத்தில் மண்ணே கிடையாது, வெறும் பாறை. மழை ஜூனில் தொடங்கிச் செப்டம்பரோடு முடிகிறது. ஆண்டுக்கு 400 முதல் 600 மில்லிமீட்டர். பாறைப் பள்ளங்களில் கல்லால் சிறு தடுப்பணைகள் கட்டி மழைத்தண்ணீரைத் தேக்குகிறார்கள். அணைக்கரையில் பாறைமேலேயே கல்லை வரிசையாக வைத்துச் சின்னச் சின்னக் கட்டமாகப் பாத்தி பிரித்து, பள்ளத்திலிருந்து மண்ணைக் கூடையில் சுமந்து வந்து கொட்டி, எருக் கலந்து, சின்ன வெங்காயம் வைக்கிறார்கள். ஆமாம், பெரிய வெங்காயம் இல்லை, நம்முடைய சின்ன வெங்காயத்தின் இனம்தான். கம்பறுப்பு முடியும் கையோடு அக்டோபர் வாக்கில் நடவு, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பிடுங்கல். தண்ணீர் ஊற்றுவது சுரைக்குடுக்கையில். அணையில் இறங்கி முக்கி, மேலே ஏறி, வீசுகிற வீச்சில் தண்ணீர் தாரையாக விழாமல் பூவாகச் சிதற வேண்டும். தாரையாக விழுந்தால் அந்தக் கொஞ்ச மண்ணும் பாறையை விட்டுக் கழுவிக்கொண்டு போய்விடும். காலையும் மாலையும், மூன்று நான்கு மாதம்.

பிடுங்கிய வெங்காயத்தை என்ன செய்கிறார்கள் தெரியுமா? தாளோடு சேர்த்தோ தனித்தனியாகவோ உரலிலும் பாறைக்குழியிலும் இடித்து, எலுமிச்சை அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் உருண்டை பிடித்துப் பாறைமேல் வெயிலில் காய வைக்கிறார்கள். நம் வீட்டு வெங்காய வடகமேதான், உளுந்தும் வெந்தயமும் கடுகும் விளக்கெண்ணெயும் இல்லாமல். கறுத்து, கல்லு மாதிரி இறுகி, மூட்டைக்குள் இருந்தாலும் தெரு முழுக்க மணக்கும். மொப்தி, பமாக்கோ சந்தைகளுக்கும் ஐவரி கோஸ்ட் வரைக்கும் போகிற சரக்கு. குழம்பில் ஒன்றை உதிர்த்துப் போட்டால் போதும்.

வடகம் போட்டுப் பழகிய கைக்கு என்னென்ன கெடும் என்று சொல்லத் தேவையில்லை. உருண்டையைப் பெரிதாகப் பிடித்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்று பூசணம் பூக்கும். பாறையில் நேராக வைத்தால் மணல் ஒட்டும். மணல் கடிபட்டால் நகரத்து வியாபாரி விலையைப் பாதியாக்குவான். அதனால்தான் இடிக்காமல் மெல்லியதாக அரிந்து, தட்டி அடித்து உயர்த்திய பந்தலில் காயவைக்கும் முறையைச் சில வேளாண் திட்டங்கள் கொண்டுவந்தன. வெள்ளையாக, சுத்தமாக வரும். ஆனால் உருண்டையின் அந்தப் புளித்த வாசனை அதில் வராது என்று வாங்குகிறவர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள். இரண்டுக்கும் ஆள் இருக்கிறது.

பெரிய சிக்கல் விலை. எல்லா அணையிலும் தண்ணீர் ஒரே காலத்தில் வற்றுவதால் எல்லோரும் ஒரே காலத்தில் பிடுங்குகிறார்கள். சந்தையில் குவிந்ததும் விலை விழுகிறது. பச்சையாக வைத்திருந்தால் முளைக்கும், அழுகும். காயவைத்தவர் மழைக்காலம் வரை பொறுத்து விற்கலாம். இதோடு சாலையும் அடைபட்டால் என்ன நேரும் என்று யோசித்துப் பாருங்கள். செவாரேயிலிருந்து பாந்தியாகரா, பான்காஸ், கோரோ என்று போகும் ஒற்றைச் சாலையில் கண்ணிவெடியும் வழிமறிப்பும் என்றால், லாரிக்காரன் வரமாட்டான். வந்தால் வாடகை இரட்டிப்பு. நம் ஊரில் வெங்காயம் விலை போகாமல் வரப்பில் கொட்டுகிற படம் பத்திரிகையில் வருமே, அதேதான். அங்கே படம் பிடிக்க ஆள் இல்லை.

தோகுணாவைச் சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஊர் நடுவே ஆண்கள் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசும் சாவடி. தூண்கள்மேல் கம்பந்தட்டையை அடுக்கடுக்காகப் போட்ட கனத்த கூரை; மூதாதையர் எட்டுப்பேர் கணக்கில் எட்டு அடுக்கு என்பது மரபு. நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். கோபத்தில் துள்ளி எழுந்தால் தலை இடிக்கும், திரும்ப உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று விளக்கம் சொல்கிறார்கள். இந்தக் கதை எல்லாக் காணொளியிலும் வந்துவிட்டது. வராத சங்கதி, அவ்வளவு தடிமனான தட்டைக்கூரைக்கு அடியில் வெயில் காலத்திலும் உட்கார முடியும் என்பது. அந்தத் தட்டை நல்ல விளைச்சல் இருந்தால்தான் மிஞ்சும். இல்லாவிட்டால் மாடு தின்றுவிடும்.

நம்பிக்கைகள் பற்றிப் பேசும்போது காலத்தைச் சரியாகச் சொல்லுங்கள். டோகோன்களில் இன்று மிகப் பலர் முஸ்லிம்கள், ஒரு பகுதியினர் கிறித்தவர்கள். 'வெளியுலகத் தொடர்பே இல்லாத பழங்குடி' என்ற வாக்கியத்தை வெட்டி எறியுங்கள். மொழிகூட ஒன்றில்லை; டோகோன் மொழிகள் இருபதுக்குப் பக்கம், ஜம்சாய் பேசுகிறவருக்குத் தோரோ சோ புரியாது. மரபுச் சமயத்தில் ஹோகொன் என்ற முதிய பூசாரி உண்டு. லெபே என்ற மூதாதை வழிபாடும், குல வழிபாடான பினுவும் உண்டு. குறி கேட்பது நரியிடம். சாயங்காலம் ஊருக்கு வெளியே மணலில் கட்டம் போட்டு, குச்சியும் கல்லும் நட்டுக் கேள்வியை அமைத்து, கடலைக்காயைத் தூவிவிட்டு வருவார்கள். இரவில் வெளிர்நரி வந்து தின்றுவிட்டுப் போகும். காலையில் குறிகாரர் கால்தடம் எந்தக் கட்டத்தில், எந்தக் குச்சியைத் தாண்டிப் போயிருக்கிறது என்று பார்த்துப் பதில் சொல்வார். நம் கோடாங்கிக்கும் சோழி உருட்டுகிறவருக்கும் பழகிய நமக்கு இதில் திகில் இசை போட ஒன்றுமில்லை.

முகமூடிக்கும் அதே பேச்சு. முகமூடிகள் ஆடுவது பெரும்பாலும் தமா என்ற துக்கம் கழிக்கும் சடங்கில். இறந்தவரின் ஆவியை ஊரைவிட்டு வழியனுப்பி வைக்கும் நிகழ்வு அது. பல ஆண்டுச் சாவுகளுக்குச் சேர்த்து ஒன்றாக நடக்கும், செலவு அப்படி. கனகா என்ற இரட்டைக்கை மரமுகமூடியைப் போட்டவர் இடுப்பை வளைத்துத் தலையைச் சுழற்றி அதன் நுனி தரையைத் தொடும்படி ஆட வேண்டும். கழுத்து பலம் இல்லாதவரால் ஆகாது. சிரிகே முகமூடி பல மீட்டர் உயரம், ஒற்றைப் பலகை. பொய்க்கால் கட்டி ஆடும் முகமூடியும் உண்டு. இடுப்பில் தொங்கும் சிவப்புக் குஞ்சம் சாயமேற்றிய புளிச்சை நார். கீரையை ஆய்ந்துவிட்டு நார் உரிக்கத் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலும் இருந்தார்கள்.

அந்த முகமூடிகளும் தெல்லெம் குகைப் பொருள்களும் பல பத்தாண்டுகளாகத் திருட்டுச் சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அமெரிக்கா 1993-இல் பாந்தியாகராக் குகைப் பொருள்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. காணொளியின் கீழே 'அசல் டோகோன் முகமூடி' விற்கும் இணைப்புக் கொடுத்துத் தரகு வாங்குவதாக இருந்தால், ஒன்று அது பயணிகளுக்காகச் செதுக்கிய பொம்மை, அல்லது திருட்டுப் பொருள். மாற்று வழியைக் காட்ட விரும்பினால் ஃபோம்போரி ஊரில் 1997-இல் தொடங்கிய பண்பாட்டு வங்கியைப் பற்றிச் சொல்லுங்கள். குடும்பத்துப் பழம்பொருளை ஊர் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டு அதன்மேல் சிறுகடன் வாங்கலாம். நகைக்கடன் மாதிரிதான். வித்தியாசம், பொருள் ஊரைவிட்டுப் போகாது.

சிகுய்க்குத் திரும்புவோம். மனிதருக்குச் சாவு வந்த கதையையும், பாம்பு உருவில் இறந்த முதல் மூதாதையையும் நினைவுகூர்வது இந்தச் சடங்கு. அவருக்காக ஒவ்வொரு சிகுய்க்கும் பெரிய முகமூடி ஒன்று புதிதாகச் செதுக்கப்படும். பாம்பு போல நீண்டது, யாரும் அணிவதில்லை. ஆண்கள் சோழி கோத்த பட்டைகள் அணிந்து, கவட்டுக்கட்டை போன்ற இருக்கையைக் கையில் பிடித்தபடி பாம்பு வரிசையாக ஆடி வந்து, அதில் உட்கார்ந்து சுரைக்குடுக்கையில் கம்பில் காய்ச்சிய கள் குடிப்பார்கள். சடங்குக்கென்று சிகி சோ என்ற மறைமொழி உண்டு; தேர்ந்தெடுத்த சிலர் அதைக் கற்றுக்கொள்வார்கள். 1967-இல் யூகோ ஊரில் தொடங்கி, ஆண்டுக்கு ஓர் ஊர்க்கூட்டமாக நகர்ந்து, 1973-இல் சோங்கோவில் முடிந்தது. ழான் ரூஷும் தியேதர்லெனும் அதை ஆண்டாண்டாகப் படமாக்கினார்கள். ஆக, 2027-இல் 'ஒருநாள் திருவிழா' கிடையாது. நடந்தால் ஏழாண்டு நீளும்.

நடக்குமா என்பதற்கும் கம்புதான் பதில் சொல்ல வேண்டும். கம்பங்கள்ளுக்குத் தானியத்தை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து, அரைத்து, காய்ச்சி, புளிக்கவிட வேண்டும். ஊர் முழுக்க நாள்கணக்கில் குடிக்கும் அளவுக்கு என்றால் சாப்பாட்டுக்குப் போக மிச்சம் இருக்க வேண்டும். ஒரு ஊர்க்காரர்கள் அடுத்த ஊருக்கு நடந்து போகும் பாதையும் திறந்திருக்க வேண்டும்.

பாதை ஏன் அடைபட்டது? இங்கேதான் நீங்கள் 'டோகோன்-ஃபுலானி ஆதிப்பகை' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறீர்கள். ஃபுலானிகள் அந்தப் பக்கத்தில் மாடு மேய்க்கும் மக்கள். பகையே இல்லை என்று நாங்களும் சொல்லவில்லை. ஆனால் நெடுங்காலம் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு ஓடியது: அறுப்பு முடிந்ததும் ஃபுலானி மாடுகள் கொல்லையில் இறங்கித் தட்டையை மேயும், கொல்லைக்கு எரு கிடைக்கும். நம்மூர்க் கிடைபோடுவதுதான். கொல்லைகள் பெருகி மாட்டுவழிகளை மூடின, வறட்சி வந்தது, புல் குறைந்தது. 2012-க்குப் பிறகு துப்பாக்கிகள் வந்தன. அமாது கூஃபாவின் ஜிகாதிக் குழு மொப்திப் பக்கம் வேர்விட்டு ஃபுலானி இளைஞர்களைச் சேர்த்தது. 2016-இல் 'தான் நா அம்பாசாகூ' என்ற டோகோன் வேட்டைக்காரர்களின் ஆயுதக்குழு உருவானது. 2019 மார்ச் 23 அன்று ஒகொசாகூவில் 150-க்கும் மேற்பட்ட ஃபுலானிகள் கொல்லப்பட்டனர். மறுநாளே மாலி அரசு அந்தக் குழுவைக் கலைப்பதாக அறிவித்தது, குழுவோ தனக்குத் தொடர்பில்லை என்றது. அதே ஆண்டு ஜூன் 9 அன்று சொபானே தா என்ற டோகோன் ஊரில் 35 பேர் கொல்லப்பட்டனர். அதில் 24 பேர் குழந்தைகள். 2022 ஜூனில் ஜியாலசாகூவிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் 132 பேர். ஐ.நா. அமைதிப்படை 2023 முடிவில் நாட்டைவிட்டே போய்விட்டது. இதில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து 'வீர வேட்டைக்காரர்கள்' என்று பின்னணி இசை போட்டால், ஒகொசாகூவில் செத்தவர்களை இன்னொருமுறை மிதிக்கிறீர்கள்.

'அவர்களுக்கு என்ன தேவை?' என்று பார்வையாளர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பள்ளி, மருந்து, குடிநீர் எல்லாம் பட்டியலில் உண்டு, எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாதது விதை. எக்டேருக்கு நாலைந்து கிலோ கம்பு விதை போதும், குழிக்குழியாக ஊன்றுவார்கள். முதல் மழையில் ஊன்றி, இடையில் மழை ஏமாற்றினால் முளைத்தது கருகும், திரும்ப ஊன்ற வேண்டும். அதனால் இரண்டு தடவைக்குக் கையிருப்பு வேண்டும். குதிர் எரிந்தால் சாப்பாட்டுக் கம்போடு விதைக்கம்பும் போய்விடும். சரி, வெளியிலிருந்து வீரிய ரகம் அனுப்பிவிடலாமே என்றால், உள்ளூர் ரகங்கள் பகல் நீளத்தைப் பார்த்துப் பூப்பவை. எப்போது ஊன்றினாலும் மழை ஓயும் நேரத்தில் சேர்ந்து முற்றும். சீக்கிரம் முற்றும் ரகத்தை ஒருவர் மட்டும் போட்டால், ஊரில் வேறெங்கும் கதிர் இல்லாத நேரத்தில் வட்டாரத்துக் குருவியெல்லாம் அவர் கொல்லையில் இறங்கிவிடும். ஊதாப்பூச் சுடுமல்லிக் களை வேறு வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். வளமற்ற மண்ணில்தான் அதற்குக் கொண்டாட்டம், அதனால் எருவும் வேண்டும், எரு வேண்டுமென்றால் மாடு வரவேண்டும். அந்த ஊர் விதை அந்தப் பக்கத்துச் சந்தையிலேயே, பக்கத்துக் கோட்டத்திலேயே கிடைக்கும். தேவை, மே மாதம் முடிவதற்குள் வாங்கிக் கொடுக்கப் பணம். ஜூலையில் போய்ச் சேரும் நன்கொடை விதைப் பணம் ஆகாது, சாப்பாட்டுப் பணம்தான் ஆகும். அதுவும் தேவைதான், ஆனால் அடுத்த ஆண்டு இதே கதை.

கடைசியாகத் தொழில் சங்கதி இரண்டு. படம் எடுத்துப் போடும்போது ஆண்டைக் குறியுங்கள். முகமூடி ஆட்டப் படங்கள் பல 2012-க்கு முன்னால் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடிக் காட்டியவை, அவற்றைத் தமா என்றோ சிகுய் என்றோ பெயர் சூட்டாதீர்கள். சிகுயில் முகமூடிகள் ஆடுவதில்லை. கனகா முகமூடியைத் தம்ப்நெயிலில் வைத்து 'சிகுய் 2027' என்று எழுதினால், விஷயம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே மூடிவிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் காணொளிகளைக் கடைசிவரை பார்க்கிறவர்கள் சிலர்